இந்தப் படத்தில் இருப்பது யார்? ஓவியமும் அடையாளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுக்கிறேன். அவ்வப்போது அவர்களையும் அவர்களின் அப்பா அம்மாக்களையும் ஏதாவது ஓவியக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன். படம் மாறும், கூடம் மாறும், கேள்விகள் மட்டும் மாறவே மாறாது. வாயால் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதால் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே போட்டிருக்கிறேன்.

"அடையாளம் அடையாளம்னு சொல்றீங்களே மிஸ், ஆதார் கார்டு போட்டோ மாதிரியா?"

ஆதார் போட்டோ நீங்கள்தான் நீங்கள் என்று அதிகாரிக்கு நிரூபிப்பதற்கு. அதைப் பார்த்தால் நமக்கே நம்மை அடையாளம் தெரியாது, அது வேறு கதை. ஓவியத்தைப் பற்றிப் பேசும்போது சொல்கிற அடையாளம் இன்னும் வழுக்கலானது. கல்யாண வீட்டில் "நீங்க யாரு?" என்று கேட்டால் "மாப்பிள்ளைக்குச் சித்தப்பா" என்போம். அதே கேள்வியை ரயிலில் கேட்டால் ஊர்ப்பெயரைச் சொல்வோம். வெளிநாட்டில் கேட்டால் நாட்டின் பெயர் வரும், இல்லையென்றால் மொழியின் பெயர் வரும். ஆள் ஒருவர்தான். பதில் மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது.

பாலினம், சாதி, மதம், மொழி, நிறம், இழந்த ஊர், செய்கிற வேலை எல்லாமே இந்தப் பதில்களில் வரும். சில சமயம் ஒன்றோடொன்று மல்லுக்கும் நிற்கும். அந்த மல்லுக்கட்டுதான் நல்ல படமாக வருகிறது என்பது என் கட்சி.

"எனக்குப் படத்துல ஒரு ஆள் தெரியுறாரு, அவ்வளவுதான். அடையாளத்தை எங்கே போய்த் தேடுறது?"

மூன்றைக் கேளுங்கள்: வரைந்தது யார், வரையப்பட்டது யார், யார் பார்ப்பதற்காக? இந்த மூன்றையும் கீழே அடிக்கடி இழுப்பேன், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நடுகல்லில் வைத்துப் பார்க்கலாம். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று அங்கே கிடைத்தது. ஆயுதத்தோடு நிற்கும் வீரனின் காலடியில் ஒரு நாய். அதன் பெயர் கோவிவன் என்றும், இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். வீரனின் முகம் அச்சு அசலாக இருக்கிறதா என்று யாரும் கவலைப்படவில்லை. கையில் ஆயுதம், பக்கத்தில் நாய், செய்த காரியம், இவ்வளவும்தான் அந்த ஆள். செதுக்கியது அவரல்ல, பார்க்கப்போவதும் அவரல்ல. ஊராருக்கு அவர் யாராக இருந்தாரோ அதைத்தான் கல் சொல்கிறது. ஆகவே முகத்தை மட்டும் பார்க்காமல் கை, கையில் உள்ள பொருள், உடை, காலடி, கண் போகும் திசை என்று மெதுவாகப் பாருங்கள்.

"தன்னைத் தானே வரைஞ்சுக்கிறதும் செல்ஃபி எடுக்கிறதும் ஒண்ணுதானே? ஃப்ரீடா காலோ சும்மா தன்னையே வரைஞ்சிருக்காங்க!"

மெக்சிக்கோவின் ஃப்ரீடா காலோ (1907–1954) வரைந்தவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தன்னுருவப் படங்கள். தற்பெருமை என்று சட்டென்று சொல்லிவிட முடியாதபடி அதற்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 1925 செப்டம்பரில், 18 வயதில், அவர் போன பேருந்தின்மேல் டிராம் மோதியது. முதுகெலும்பும் இடுப்பும் காலும் நொறுங்கின. மாதக்கணக்கில் படுக்கை. கட்டிலின் மேற்கூரையில் அம்மா ஒரு கண்ணாடியைப் பதித்துக் கொடுத்தார், படுத்தபடியே வரைய ஒரு சட்டகமும் செய்து கொடுத்தார்கள். மேலே பார்த்தால் தெரிவது தன் முகம் மட்டும். வேறு மாடலுக்கு எங்கே போவது?

செல்ஃபியில் நாம் என்ன செய்கிறோம்? பருவை மறைக்கிறோம். ஃப்ரீடா நேர் எதிர். போட்டோக்களில் உள்ளதைவிடப் படங்களில் அவருடைய கூட்டுப்புருவம் அடர்த்தி, மேலுதட்டு ரோமம் தெளிவு. பெண் முகம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற கணக்கை வேண்டுமென்றே கெடுக்கிறார். விவாகரத்துக்குப் பிறகு 1940இல் வரைந்த ஒரு படத்தில் ஆண்களின் கோட்டு சூட்டுப் போட்டு, கையில் கத்தரிக்கோலோடு, வெட்டிய முடி தரையெல்லாம் சிதறிக் கிடக்க உட்கார்ந்திருப்பார். இன்னொரு வேடிக்கை, பிறந்த ஆண்டு 1910 என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மெக்சிக்கப் புரட்சி தொடங்கிய ஆண்டு அது. வயதைக் குறைத்துச் சொல்கிறவர்கள் உண்டு, நாட்டோடு சேர்ந்து பிறந்தேன் என்று சொல்வதற்காகக் குறைத்தவர் இவர்.

"ரெண்டு ஃப்ரீடா பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருக்காங்களே, ரத்தம் சொட்டுது, பயமா இருக்கு. அது என்ன?"

1939இல், விவாகரத்து ஆன ஆண்டில் வரைந்த பெரிய படம். இடப்பக்க ஃப்ரீடாவுக்குக் கழுத்துவரை மூடிய ஐரோப்பிய வெள்ளைச் சரிகைக் கவுன். வலப்பக்கத்தவருக்கு மெக்சிக்கோவின் தெற்கே தெவாந்தெபெக் பகுதிப் பெண்கள் உடுத்தும் தெவானா உடை. இருவருக்கும் இதயம் வெளியே தெரிகிறது. ஒரே ரத்தக்குழாய் இரண்டையும் இணைத்துக்கொண்டு போகிறது. வலப்பக்கத்தவர் கையில் கணவர் தியேகோவின் சின்னஞ்சிறு படம், குழாய் அங்கிருந்துதான் கிளம்புகிறது. இடப்பக்கத்தவர் அறுந்த நுனியை மருத்துவமனை இடுக்கியால் பிடித்திருக்கிறார். ஆனாலும் நிற்கவில்லை, வெள்ளைப் பாவாடையில் சொட்டுகிறது. அதே பாவாடையின் ஓரத்தில் சிவப்புப் பூ வேலைப்பாடு. எது பூ, எது ரத்தக்கறை என்று ஒரு நொடி தடுமாறுவோம். நான் அந்த ஓரத்தில்தான் அதிக நேரம் நிற்பேன், அச்சிட்ட படத்தில்தான் என்றாலும்.

அப்பா ஜெர்மனியில் பிறந்தவர், அம்மா மெக்சிக்கோக்காரர். இரண்டு உடையும் ஒருவகையில் வீட்டு உடைதான். தெவானா உடையில் ஒரு சேதி உண்டு. அந்தப் பகுதிப் பெண்கள் சந்தையைக் கையில் வைத்திருப்பவர்கள், யாருக்கும் அடங்காதவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள். ஃப்ரீடா அந்த ஊர்க்காரர் இல்லை. தேர்ந்தெடுத்து உடுத்தினார். பிறப்பால் வந்த அடையாளம் என்று நாம் நினைப்பதில் பாதி இப்படி எடுத்து உடுத்தியதுதான்.

"தஞ்சாவூர் ஓவியம்னா தங்க ரேக்கு ஒட்டின வெண்ணெய்க் கிருஷ்ணர்தானே? வேற என்ன?"

அதே தஞ்சாவூரில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19இன் தொடக்கத்திலும் இன்னொரு சரக்கும் தயாரானது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வாங்கிப்போகத் தாளில் வரைந்த படத்தொகுப்புகள். பக்கத்துக்கு ஒரு ஜோடி, கணவன் மனைவி. குயவர் ஜோடி, நெசவாளர் ஜோடி, பாம்பாட்டி ஜோடி என்று சாதிக்கும் தொழிலுக்கும் ஒன்று. கையில் தொழிற்கருவி, அடியிலோ பின்னாலோ ஒரு குறிப்பு. லண்டன் அருங்காட்சியகங்களில் இவை நிறைய இருக்கின்றன.

முதலில் பார்க்கும்போது அழகாகத்தான் இருக்கும். சேலைக் கட்டு, நகை, கூடையின் பின்னல் எல்லாம் கண் முன்னே. அப்புறம் மூன்று கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். வரைந்தவர் உள்ளூர் ஓவியர், பார்ப்பவர் ஊரை ஆள வந்தவர், வரையப்பட்டவர்களுக்குப் பெயரே கிடையாது. ஒரு சாதிக்கு ஒரு முகம், ஒரு கருவி, பக்கத்தைப் புரட்டினால் அடுத்தது. கோவிவன் என்ற நாய்க்குக் கல்லில் பெயர் கிடைத்தது, இவர்களுக்குத் தாளில் கிடைக்கவில்லை. அடையாளம் நாமே சொல்வதாக மட்டும் இருக்காது, நம் நெற்றியில் அடுத்தவர் ஒட்டுவதாகவும் இருக்கும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குத் தெரியாது.

"நாட்டுக்கு ஒரு முகம் வரைய முடியுமா?"

முயன்றிருக்கிறார்கள். ரவி வர்மா 1889இல் வரைந்த ஒரு படத்தில் 11 பெண்கள் இசைக் குழுவாகக் கூடியிருக்கிறார்கள். கேரளத்து முண்டு உடுத்தியவர் மடியில் வீணை, மற்றவர்கள் ஆளுக்கொரு பகுதியின் உடையில். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கிறது. எல்லோரும் ஒரே மேடையில், ஆனால் யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. குரூப் போட்டோவுக்கு நின்ற சொந்தக்காரர்கள் மாதிரி.

1905இல் வங்கப் பிரிவினைக் காலத்தில் அவனீந்திரநாத் தாகூர் வேறு வழி பிடித்தார். 11 பேருக்குப் பதில் ஒரே பெண்: காவி உடை, நான்கு கை, அவற்றில் சுவடி, நெற்கதிர், வெள்ளைத் துணி, ஜபமாலை. பாரத மாதா. அழகான படம்தான். ஆனால் அந்தக் காவி உடைக்குள்ளும் ஜபமாலைக்குள்ளும் தன்னைப் பார்க்க முடியாதவர்கள் இந்த நாட்டில் எத்தனையோ பேர். ஒரு முகம் போட்டால் மற்ற முகங்கள் வெளியே நிற்கும்.

"அம்ரிதா ஷெர்கில் பாதி ஹங்கேரிக்காரங்க, படிச்சது பாரிஸ். அவங்க வரைஞ்சதை எப்படி இந்திய ஓவியம்னு சொல்றீங்க?"

புடாபெஸ்டில் 1913இல் பிறந்தவர். அம்மா ஹங்கேரி நாட்டுப் பாடகர், அப்பா பஞ்சாபின் உம்ராவ் சிங். (ஒரு பொருத்தம்: ஃப்ரீடாவின் அப்பாவும் அம்ரிதாவின் அப்பாவும் இருவருமே புகைப்படம் எடுப்பவர்கள், தங்களையே படம் எடுத்துக்கொண்டவர்கள். பிள்ளைகள் வேறு எப்படி இருப்பார்கள்!) பாரிஸில் 1934இல் தன்னைத் தஹிதித் தீவுப் பெண்ணாக வரைந்தார். இடுப்புக்கு மேல் உடையில்லை, கை முன்னால் கட்டியிருக்கிறது, பின்னால் ஓர் ஆணின் நிழல். கோகன் என்ற பிரெஞ்சு ஓவியர் தஹிதிப் பெண்களை இப்படி வரைந்துதான் பெயர் வாங்கினார். பாரிஸ் கண்களுக்குத் தானும் அப்படியொரு 'கிழக்கத்திப் பெண்'தான் என்பது அம்ரிதாவுக்குத் தெரியும். கோகன் நின்ற இடத்தில் தூரிகையோடு தானே போய் நிற்கிறார், உட்கார்ந்து காட்டுபவரும் தானே. படத்தில் உள்ளவர் நம்மைப் பார்ப்பதில்லை, கண் ஓரமாக எங்கோ போகிறது.

அதே ஆண்டு இந்தியா திரும்பினார். 1936–37இல் அஜந்தா, எல்லோரா, கொச்சி, திருவனந்தபுரம், கன்னியாகுமரி என்று தெற்கே சுற்றினார். அந்தப் பயணத்திலிருந்துதான் தெற்கத்தி மனிதர்களை வரைந்த மூன்று பெரிய படங்கள் பிறந்தன: மணப்பெண் அலங்காரம், பிரம்மச்சாரிகள், சந்தைக்குப் போகும் கிராமத்தார். கறுத்த உடல், வெள்ளை வேட்டி, செம்மண் பின்னணி. பாரிஸ் பயிற்சியும் அஜந்தா கோடும் ஒரே துணியில். பாதி இந்தியர் என்றால் பாதி இந்திய ஓவியம் என்று எடைபோட்டுப் பிரிக்க முடியாது. 1941 டிசம்பரில் லாகூரில் இறந்தபோது அவருக்கு வயது 28.

"சோழமண்டலத்துல பணிக்கர் படம் பார்த்தேன். எழுத்து மாதிரி இருக்கு, படிச்சா ஒண்ணும் புரியல. எனக்கு மலையாளம் தெரியாததாலயா?"

மலையாளம் தெரிந்தவர்களுக்கும் புரியாது, கவலைப்படாதீர்கள். கோயம்புத்தூரில் 1911இல் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர் சென்னை ஓவியக் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். மேற்கத்திய பாணியில் வல்லவர். நாம் நவீனமாக வரையவும் வேண்டும், ஐரோப்பாவின் நகலாகவும் ஆகிவிடக்கூடாது, இதற்கு என்ன வழி என்பதுதான் அன்றைய சென்னை ஓவியர்களின் தலைவலி. 1963 வாக்கில் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையைத் தொடங்கினார். ஜாதகக் கட்டம், கணக்குக் குறி, மீன், பறவை, இடையிடையே எறும்பு ஊர்வதுபோல் எழுத்துகள். வார்த்தை மாதிரி தோன்றும், வார்த்தையாகாது.

நம் வீட்டு அலமாரியில் தாத்தாவின் ஜாதக நோட்டு இருக்குமே, மஞ்சள் தடவிய மூலையோடு. நமக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் நம் வீட்டுக் கை என்று தெரியும். பணிக்கரின் படம் எனக்கு அப்படித்தான். சாமி இல்லை, புராணக் கதை இல்லை, சேலை கட்டிய பெண் இல்லை, ஆனாலும் இந்த மண் என்று சொல்லிவிடலாம். 1966இல் சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் சோழமண்டலம் கலைக் கிராமம் உருவானதே ஒரு அடையாளக் காரியம். ஓவியர்கள் பாட்டிக் துணி போன்ற கைவினைப் பொருள் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கி அங்கேயே குடியேறினார்கள். டெல்லி, பம்பாய், கல்கத்தாவின் வாசலில் நிற்க வேண்டியதில்லை என்று சொல்ல வேறு வழி வேண்டுமா?

"ஆளே இல்லாத படத்துல அடையாளம் எப்படி வரும்?"

பணிக்கர் படத்திலேயே ஆள் முக்கியமில்லை, மேலே பாருங்கள். இன்னும் வலுவான உதாரணம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. ஓவியர் தா. சனாதனன், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிப்பவர். போரில் இடம்பெயர்ந்தவர்களிடம் போய், இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தரச் சொன்னார். அவர்கள் வரைந்தது, அதையே கட்டடக்கலைஞர் அளவோடு திருத்தி வரைந்தது, பிறகு சனாதனனின் சொந்த ஓவியம், இப்படி அடுக்கடுக்காக ஒரு நூல் 2011இல் வந்தது. அதன் பெயருக்கு 'முற்றுப்பெறாத தோம்பு' என்று பொருள். தோம்பு என்பது ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்து நிலப் பதிவேடு.

பேனாவால் இழுத்த கோணல் கோடுகள். இது விறாந்தை, இது குசினி, இங்கே கிணறு. படம் வரையத் தெரியாத கை, வழி தெரிந்த கை. அரசாங்கத் தோம்பில் இல்லாத வீடு ஒருவர் தலைக்குள் அறை அறையாக நிற்கிறது. இதற்குமேல் முகம் எதற்கு?

"தலித் வாழ்க்கையைத் தலித் இல்லாதவங்க வரையலாமா? பெண் வலியை ஆண் வரையலாமா? மழுப்பாம சொல்லுங்க."

வரையலாம், தடுக்கச் சட்டமில்லை. ஆனால் கேள்வி 'வரையலாமா' என்பதைவிட 'என்ன தெரியாமல் போகும்' என்பது. நாக்பூரில் பிறந்த தலித் ஓவியர் சவி சாவர்க்கர், மராத்தியரான பேஷ்வாக்கள் ஆண்ட காலத்துத் தீண்டாமையை வரைந்தார். எச்சில் நிலத்தில் விழக்கூடாதென்று கழுத்தில் கட்டிய சட்டி, காலடித் தடத்தை அழிக்க இடுப்புக்குப் பின்னால் கட்டிய துடைப்பம். அம்பேத்கர் 1936இல் எழுத்தில் சொன்ன கொடுமை இது. சாவர்க்கரின் கோடு கரடுமுரடு, பரிதாபம் கேட்காது. தஞ்சாவூர்ப் படத்தொகுப்பிலும் மனிதர் கையில் கருவி இருந்தது, இங்கேயும் உடம்பில் பொருள் தொங்குகிறது. அங்கே அது சாதிச் சீட்டு, இங்கே குற்றப் பத்திரிகை. யார் கையில் தூரிகை என்பதால் வந்த மாற்றம் இது.

அம்ரிதாவையும் விடக்கூடாது. வசதியான வீட்டுப் பெண், கூலிக்காரர்களையும் கிராமத்தாரையும் வரைந்தார். அந்த முகங்களின் சோகம் அவர்களுடையதா, இவர் அவர்கள்மேல் பூசியதா என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. படத்தை ரசித்துக்கொண்டே சந்தேகப்படலாம், தப்பில்லை. சென்னைக் கண்ணகி நகரில் 2020இல் அடுக்குமாடிச் சுவர்களில் பிரம்மாண்ட ஓவியங்கள் வந்தபோதும் இதே கேள்விதான். நகருக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களின் இடம் அது. ஊர்ப்பெயரைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று குறைப்பட்ட பிள்ளைகளுக்கு, ஆட்கள் தேடி வந்து படம் எடுக்கும் இடமாக மாறியது நல்லதுதான். சுவரில் உள்ள வண்ணம் பேருந்து வசதியைக் கொண்டுவராது என்பதும் உண்மை.

"ஓவியரோட வாழ்க்கைக் கதை தெரியாம படம் பார்த்தா தப்பா?"

தப்பில்லை. முதலில் கதை தெரியாமல் பாருங்கள், பிறகு தெரிந்து பாருங்கள். கதையை மட்டும் பார்ப்பதுதான் ஆபத்து. ஃப்ரீடா என்றால் விபத்து, அம்ரிதா என்றால் இளவயதுச் சாவு என்று நின்றுவிட்டால் அந்தப் பாவாடை ஓரத்துப் பூ யார் கண்ணிலும் படாது.

"என் பொண்ணு தன்னை வரையும்போதெல்லாம் வெள்ளைக்காரி மாதிரி கலர் அடிக்கிறா. திருத்தணுமா?"

எல்லாக் கேள்வியிலும் கஷ்டமானது இதுதான், கேட்பவர்கள் மட்டும் சர்வசாதாரணமாகக் கேட்பார்கள். கிரேயான் பெட்டியில் வெளிர் ரோஸ் குச்சி ஒன்று இருக்குமே, அதை நம் பிள்ளைகள் "ஸ்கின் கலர்" என்கிறார்கள். யாருடைய ஸ்கின்? அமெரிக்காவில் கிரயோலா நிறுவனம் அந்த நிறத்துக்கு 'சதை' என்று வைத்திருந்த பெயரை 1962லேயே 'பீச்' என்று மாற்றிவிட்டது. நம் வகுப்பறைகளில் பழைய பெயர் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பிள்ளையைத் திட்டாதீர்கள், "கறுப்புதான் அழகு" என்று பிரசங்கமும் வேண்டாம், அவர்களுக்குப் பொய் தெரியும். கலக்கக் கற்றுக்கொடுங்கள். பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்), நுனியளவு நீலம், தேவைப்பட்டால் வெள்ளை. கலக்கியதை மணிக்கட்டின் உட்புறம் ஒரு பொட்டு வைத்துப் பார்க்க வேண்டும், பொட்டு மறைந்தால் சரி. போன மாதம் வகுப்பில் இதைச் செய்தோம். 14 பிள்ளைகள், 14 கிண்ணம், ஒன்றுபோல் ஒன்று இல்லை. எல்லோரும் முடித்த பிறகும் ஒரு பையன் மட்டும் கிண்ணத்தை விடவில்லை. என்னடா என்றேன். கையை மடக்கிக் காட்டினான். "மிஸ், முழங்கைக்கு வேற கலர் வேணும்."